சம்பந்தி கையில் இருந்த கத்தி

ஸ்டோனி ஹாலோ, பென்சில்வேனியா
1939 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பவுலினாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை சிரிலும் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மாதான் பிரித்துச் சத்தமாகப் படித்தாள். கால் வீக்கம் குறைந்துவிட்டது என்ற இடத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள், அணைக்கட்டில் சிரிலுக்குச் சம்பளம் ஏற்றிக் கொடுத்தார்கள் என்ற இடத்தில் சிரித்தாள், கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். கடிதத்தை என் முன்னால் மேஜையில் வைத்துவிட்டு, பசுவைப் பார்க்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டாள். மீதியை நான் தனியாகப் படித்தேன். மாமனார் செத்து இரண்டு வாரம் ஆகிறதே, சங்கத்தில் இருபத்தேழு வருஷம் சந்தா கட்டியவருக்கு ஐந்நூறு டாலர் வந்திருக்குமே, அதில் ஒரு ரயில் டிக்கெட் எடுத்து மாமியாரை இங்கே ஏற்றிவிட உங்களுக்கு என்ன தடை, பணம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான், உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

பணம் யாரிடமும் இல்லை. சங்கம் கொடுக்கவில்லை, இனியும் கொடுக்காது. அதற்குக் காரணம் நான்தான். இதை முதலிலேயே எழுதிவிட்டேன், ஏனென்றால் ஊர் விஷயம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால் காகிதம் தீர்ந்துவிட்டது என்று ஒரு சாக்குச் சொல்லி நான் நழுவிவிடுவேன். நழுவுவதில் நான் கெட்டிக்காரன் என்பது இந்தக் குளிர்காலத்தில்தான் எனக்கே தெரிந்தது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். சங்கம் எப்படி வந்தது என்று சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன், சிரிலுக்கும் தெரியும், ஆனாலும் இன்னொரு முறை சொல்லாவிட்டால் நான் செய்தது எவ்வளவு கேவலம் என்று புரியாது. நாங்கள் சுரங்கத்துக்கு வந்த புதிதில் ஒருத்தன் உள்ளே செத்தால் கம்பெனி வண்டி பிணத்தை அவன் தங்கியிருந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான் கம்பெனியின் கடமை. கால் முறிந்து படுத்தால் அடுத்த வாரச் சோறு யார் போடுவது என்று தெரியாது. மாதா மாதம் சம்பளத்தில் ஒரு டாலர் பிடித்துக்கொண்டு ஒரு சுரங்க டாக்டரை வைத்திருந்தார்கள், இன்றைக்கும் அதே கதைதான், அவர் கம்பெனி ஆள், எது வந்தாலும் ஒரே மாத்திரை. நாங்கள் பதினொரு பேர் ஒரே விடுதியில் கட்டில்களை மாற்றி மாற்றிப் படுத்துக்கொண்டிருந்தவர்கள், ஒரு சுருட்டுப் பெட்டியை வைத்து வாரம் கால் டாலர் போட ஆரம்பித்தோம். படுத்தவனுக்கு வாரம் ஐந்து டாலர், செத்தவனுக்கு அடக்கச் செலவு. அந்தப் பதினொரு பேரில் நான் ஒருவன், உன் மாமனார் காஷ்பர் ஒருவன். எங்கள் ஜனங்களுக்குச் சொந்த மொழியில் ஒரு காகிதத்தில் விதிகளை எழுதியவர்கள் நாங்கள் இருவரும்தான், அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், ஏனென்றால் என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

ஐந்தாறு வருஷத்தில் பெட்டி பெரிதாகிவிட்டது, நூற்று நாற்பது பேர் ஆனோம், திருட்டும் வந்தது. முதுகுவலி என்று எட்டு வாரம் உதவித்தொகை வாங்கியவன் ஒருத்தன் பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் விடிய விடிய ஆடினான். அதற்குப் பிறகுதான் பார்வைக் கமிட்டி வந்தது. உடம்பு முடியாமல் தொகை வாங்குகிறவன் வீட்டுக்கு இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்க வேண்டும், அவன் பொழுது சாய்ந்த பிறகு வெளியே இருக்கக் கூடாது, சாராயக் கடையில் இருக்கக் கூடாது, எந்த வேலையும் செய்யக் கூடாது. மீறினால் தொகை நின்றுபோகும், மூன்று மாதம் உறுப்பினர் இல்லை, அந்த மூன்று மாதத்துக்குள் செத்தால் சாவுப் பணமும் இல்லை. இதைக் கொண்டுவந்ததே காஷ்பர்தான். அன்றைக்கு எழுந்து நின்று அவன் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, "ஏமாத்தறவன் கம்பெனியை ஏமாத்தலடா, பக்கத்துல நிக்கறவன் பொண்டாட்டி கழுத்துல கையை வெக்கிறான்" என்றான். எல்லாரும் கை தட்டினோம்.

இப்போது சங்கத்தில் அறுபத்திரண்டு பேர்தான். வங்கி மூடியபோது பாதிப் பணம் போய்விட்டது. வாலிபப் பையன்கள் யாரும் புதிதாகச் சேருவதில்லை, கம்பெனி எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரு பாலிசி எடுத்திருக்கிறது, அதில் சேருகிறார்கள், இல்லாவிட்டால் நகரத்து ஆஸ்பத்திரிக்கு மாதச் சந்தா கட்டி மூன்று வாரம் இலவசமாகப் படுக்கை என்று ஒரு திட்டம் வந்திருக்கிறது, அதில் சேருகிறார்கள். கிழவர்களையும் இரைப்புக்காரர்களையும் அவர்கள் எடுப்பதில்லை. அதனால் சங்கத்தில் மிஞ்சியிருப்பது நாங்கள்தான், இருமுகிறவர்கள். கணக்குப்பிள்ளை சொன்னான், பெட்டியில் இரண்டு சாவுக்குப் பணம் இருக்கிறது, அறுபது தாண்டியவர்கள் பதினேழு பேர் இருக்கிறோம் என்று. போன செப்டம்பர் கூட்டத்தில் பார்வைக் கமிட்டி இனிமேல் கண்டிப்பாக இருக்க வேண்டும், யார் முகமும் பார்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டு, கமிட்டிக்கு என்னையும் இக்னாட்ஸ் சோப்கோவையும் தேர்ந்தெடுத்தார்கள். சோப்கோவை உனக்குத் தெரியும், மாதா கோவில் மணி அடிப்பவன், ஜெபமாலை இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டான். எனக்கு ஒரு பெருமை, பவுலினா, அதை மறைக்க மாட்டேன். நேர்மையான ஆள் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அன்றைக்கு அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அக்டோபரில் காஷ்பர் படுத்தான். மூச்சிரைப்பு, முப்பது வருஷக் கரித்தூள், நான் மேலே கரி பொறுக்கும் இடத்துக்கு மாறிவிட்டதால் தப்பித்தேன், அவன் மாறவில்லை. நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சொந்தக்காரர் வீட்டுக்குக் கமிட்டி ஆள் போகக் கூடாது என்று விதியில் இருக்கிறது, ஆனால் சொந்தம் என்றால் அண்ணன் தம்பி, தகப்பன் பிள்ளை, மைத்துனன் என்று எழுதியிருக்கிறது, சம்பந்தி என்று எழுதவில்லை. எழுதியவன் நான்தானே, அப்போது நீ பிறக்கவே இல்லை. எனக்கு வேண்டாம், வேறு ஆளை அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பயந்துவிட்டான் என்பார்கள் என்று சொல்லவில்லை.

நவம்பர் இருபத்தாறு சனிக்கிழமை அவர்கள் வீட்டில் பன்றி அறுத்தார்கள். இன்ன நாளில் இன்ன வீட்டில் என்று சோப்கோவுக்குத் தெரிந்திருக்கிறது, அன்றைக்குப் பார்த்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான். முற்றத்தில் அக்கம்பக்கத்து ஆட்கள் ஐந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள், உன் மாமியார் லுட்மிலா பெரிய கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பன்றியைக் குத்துவதில் இந்த ஊரிலேயே காஷ்பர் கைக்கு ஈடு கிடையாது, அது உனக்கே தெரியும், அன்றைக்கு அவன் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடி வழியாக, அப்படிப் பிடிக்காதே இப்படிப் பிடி என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. விடுதி நாட்களில் நாங்கள் வாடா போடா என்று பேசிக்கொண்டவர்கள், உன் கல்யாணத்துக்குப் பிறகு வேண்டுமென்றே, வாங்க சம்பந்தி, உக்காருங்க சம்பந்தி என்று மரியாதை கொடுத்து என்னைக் கேலி செய்வான். அன்றைக்கும் அப்படித்தான். மேஜைமேல் வெந்த தலைக்கறி ஆவி பறக்க இருந்தது. பன்றி அறுத்த வீட்டுக்கு வந்தவனுக்கு முதல் துண்டை வீட்டுக்காரன் தன் கையால் வெட்டிக் கொடுக்க வேண்டும், நம் ஆட்களில் யாரும் அதை விடமாட்டார்கள். அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். உட்காரப்பா என்றேன். "சம்பந்தி வாசல் மிதிச்சுட்டு வெறும் வாயோட போறதா? நான் செத்துக் கெடந்தாக்கூட எழுந்து வந்து வெட்டிக் கொடுப்பேன்" என்றான். கத்தியை எடுத்துக் காதோரத்தில் ஒரு நல்ல துண்டை வெட்டினான், அதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினான், உப்பும் காரக்கிழங்குத் துருவலும் வைத்து என்னிடம் நீட்டினான். நான் வாங்கித் தின்றேன். சோப்கோ வேண்டாம் என்று வாசல் பக்கமே நின்றான். கிளம்பும்போது லுட்மிலா வழக்கப்படி ஈரலும் பார்லியும் திணித்த குடலைத் துணியில் சுற்றி அம்மாவுக்கு என்று கொடுத்தாள், அதையும் வாங்கிக்கொண்டேன்.

தெருவுக்கு வந்ததும் சோப்கோ அறிக்கைப் புத்தகத்தைத் திறந்து, "கத்தி புடிச்சு கறி வெட்டிக்கிட்டு இருந்தான். எழுது" என்றான். "எனக்காகத்தான்யா வெட்டினான், நீயும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே" என்றேன். "யாருக்காக வெட்டினான்னு விதியில கேக்கல. வேலை செஞ்சானா இல்லையான்னுதான் கேட்டிருக்கு. ஏன், சம்பந்திங்கறதால இழுக்கறியா?" என்றான். அந்த ஒரு வார்த்தைதான் மகளே. அதற்குமேல் எனக்குக் காது கேட்கவில்லை. இம்ரிக் ஹோர்ன்யாக் சொந்தக்காரனுக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டான் என்று கோவில் வாசலில் நின்று பேசுவார்கள், அதுதான் மனதில் ஓடியது. கையில் குடல் பொட்டலம் சூடாக இருந்தது, அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுதினேன். சகோதரர் காஷ்பர் பென்கோ நின்ற நிலையில் கையில் கத்தியுடன் இறைச்சி வெட்டும் வேலையில் இருக்கக் காணப்பட்டார், இரு பார்வையாளர்களும் நேரில் கண்டது. என் அழகான கையெழுத்தில் எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

டிசம்பர் நாலாம் தேதி கூட்டத்தில் அறிக்கையைப் படித்தார்கள், தொகையை நிறுத்தி மூன்று மாதம் தள்ளிவைத்தார்கள், முகம் பாராமல் கடமை செய்த கமிட்டிக்குப் பாராட்டு என்று மினிட் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், அடக்கமானவன் என்று நினைத்திருப்பார்கள். அடுத்த வாரமே காஷ்பர் விளக்கை மாட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டான். வீடு கம்பெனி வீடு, வேலைக்குப் போகாதவன் அதில் எத்தனை நாள் இருக்க முடியும் என்று உனக்குத் தெரியாதா. சுரங்க டாக்டரே வேண்டாம் என்று தடுத்தார், வேறு வழி என்ன என்று அவர் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாப்பாட்டுக்கு எங்களை எப்போதும்போலக் கூப்பிட்டார்கள். நான் போக மாட்டேன் என்றேன், அம்மாவுக்கு அதுவரை எதுவும் தெரியாது, காரணம் கேட்டாள், சொல்ல முடியாமல் அவளோடு கிளம்பிப் போனேன். காஷ்பர் மெல்லிய அப்பத்தில் தேன் தடவிப் பாதியைப் பிட்டு எனக்குக் கொடுத்தான், வழக்கப்படி வாழ்த்துச் சொன்னான். பிறகு ரொட்டியையும் கத்தியையும் என் பக்கம் தள்ளி, "இன்னிக்கு நான் கத்தியைத் தொடறதா இல்லை சம்பந்தி, நீங்களே வெட்டிக்கங்க" என்று சிரித்தான். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். லுட்மிலா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நடுத்தெருவில் பனியில் நின்றுவிட்டாள். "அந்தக் குடலை என்னையும் திங்க வெச்சீங்களே" என்றாள். அதற்குப் பிறகு தேவைக்கு மேல் என்னோடு பேசுவதில்லை, இன்றைக்கும் அப்படித்தான்.

ஜனவரிக் கடைசியில் அவனைச் சுரங்கத்திலிருந்து தூக்கி வந்தார்கள். நான் தினமும் போய் உட்கார்ந்தேன், கமிட்டி ஆளாக இல்லை. மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு நாளும் வார்த்தையைத் தயார் செய்துகொண்டு போய், அடுப்பில் கரி அள்ளிப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். ஒரு நாள் அவனே ஆரம்பித்தான். பழைய மாதிரி, "ஏன்டா இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றே, விதி என்னோடதுதான்டா, நான் கொண்டுவந்ததுதான்" என்றான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "ஆனா அந்தக் கறியை நான் ஒனக்குத்தானேடா வெட்டினேன்" என்றான். நான் ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேசினோம். பிப்ரவரி பதினாலாம் தேதி காலையில் போய்விட்டான், தள்ளிவைத்த மூன்று மாதம் முடியப் பதினெட்டு நாள் பாக்கி.

லுட்மிலா பெயரில் சிரிலுக்கு வந்த கடிதத்தில், அடக்கத்துக்குச் சங்கக் கொடி வந்தது, பேண்டு வாசித்தது, நாற்பது பேர் நெஞ்சில் குத்தும் சங்க நாடாவைத் துக்கத்துக்கான கறுப்புப் பக்கமாகத் திருப்பிக் குத்திக்கொண்டு நடந்தார்கள் என்று படித்திருப்பீர்கள். அது எதுவும் நடக்கவில்லை. தள்ளிவைக்கப்பட்டவனுக்குக் கொடியும் இல்லை, நாடாவும் இல்லை. பாதிரியாரும் அக்கம்பக்கத்தாரும் நாங்களுமாகப் பதினாறு பேர், தேவாலயம் கடனுக்குக் கொடுத்த சவப்பெட்டி. என் நாடா கோட்டுப் பையில் இருந்தது, அதை எடுத்து அன்றைக்குக் குத்திக்கொள்ளக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. லுட்மிலாவுக்கு எழுதத் தெரியாது, அவள் சொல்வதை எப்போதும் நான்தானே மகனுக்கு எழுதுகிறேன். அடக்கம் முடிந்த அன்று எதிரில் உட்கார்ந்து, "கொடி புடிச்சுக்கிட்டு வந்தாங்கன்னு எழுதுங்க சம்பந்தி, பேண்டு வந்துச்சுன்னு எழுதுங்க" என்றாள். நான் பேனாவை நிறுத்தினேன். "பெத்தவனைத் தூக்கக்கூட வர முடியாம அங்கே ஒருத்தன் அழுதுக்கிட்டு இருப்பான், இதையாவது கேட்டு மனசாறட்டும். நெஜத்தை எழுதினா வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவான், வந்தா இந்தக் குழிக்குள்ளதான் எறங்குவான். அந்தப் பொண்ணுக்குப் பிரசவத்துக்கு அங்கே டாக்டர் இருக்காரு. போன தடவை இங்கே நடந்தது போதும்" என்றாள். போன தடவை சுரங்க டாக்டர் வந்து சேர்வதற்குள் உன் முதல் பிள்ளை போனதைத்தான் சொன்னாள். நான் எழுதினேன். எழுதச் சொன்னதை எழுதுவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

போன ஞாயிறு, மார்ச் ஐந்தாம் தேதி, கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், அவன் உட்கார்ந்திருந்தது, எனக்காக எழுந்தது, மூச்சு வாங்கியது, நான் தின்றது, பொட்டலம் வாங்கியது. அறிக்கையைத் தள்ளுபடி செய்யுங்கள், விதவைக்குப் பணத்தைக் கொடுங்கள், பொய்யான அர்த்தத்தில் எழுதியதற்கு என்னை நீக்குங்கள் என்று கேட்டேன். சோப்கோ எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான், "கத்தி அவன் கையில இருந்துச்சா, இல்லையா?" இருந்தது என்றேன். "அப்ப அறிக்கையில என்ன தப்பு?" என்று உட்கார்ந்துவிட்டான். பின் வரிசையில் ஒரு கிழவர், எழுந்து நிற்க அவருக்குக் கால் வரவில்லை, உட்கார்ந்தபடியே, "எனக்கு அறுபத்தொம்பது. இன்னிக்கு அவளுக்குக் கொடுத்துட்டா நாளைக்கு என் பொண்டாட்டிக்கு எதுலேருந்துடா கொடுப்பீங்க? பெட்டியில ரெண்டுதான் இருக்கு" என்றார். தலைவர் ஓட்டுக்கு விட்டார். கை தூக்கியதில் ஒன்பது பேர் எங்கள் பக்கம், பதினாலு பேர் அந்தப் பக்கம். நான் நாடாவைக் கழற்றி மேஜையில் வைத்தேன். தலைவர் அதை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, சகோதரர் துக்கத்தில் இருக்கிறார், சட்டப்படி அவர் எந்தத் தவறும் செய்யவில்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். எனக்கு ஒரு அபராதம்கூடப் போடவில்லை, பவுலினா. டிசம்பரில் போட்ட பாராட்டு அப்படியே இருக்கிறது.

நீ எழுதியிருந்த அணைக்கட்டு வைத்தியத் திட்டத்தை இந்த வாரம் பலமுறை யோசித்தேன். தினம் ஏழு சென்ட் பிடித்துக்கொள்கிறார்கள், நோய் வந்தாலும் வராவிட்டாலும் டாக்டருக்குப் பணம் போய்விடுகிறது, அதனால் நீங்கள் நோயில்லாமல் இருப்பதுதான் அவருக்கு லாபம் என்று சிரில் விளக்கினான் என்று எழுதியிருந்தாய். படுத்தவனை வேவு பார்க்க யாரும் வருவதில்லையா? நிஜமாகவே வருவதில்லை என்றால் அந்த வேலையைச் சிரில் எக்காரணத்துக்கும் விடக் கூடாது. ஆனால் அணை கட்டி முடிந்தால் அந்த டாக்டர் என்ன ஆவார் என்று மட்டும் கேட்டு வை. வேலையோடு ஒட்டிக்கொண்டு வரும் வைத்தியம் வேலையோடு போய்விடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, நான் எதைப் பார்த்தாலும் முடிவைத்தான் முதலில் பார்க்கிறேன், வயதாகிவிட்டது. மாமியாரைக் குடும்பம் என்று கணக்கில் எடுப்பார்களா என்றும் கேள். அவளுக்கும் மாரில் ஒரு வலி இருக்கிறது, சொல்ல மாட்டாள்.

அவள் வருகிறாள். ஏப்ரல் முதல் தேதிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கம்பெனி சீட்டு அனுப்பிவிட்டது. வியாழக்கிழமை நாங்கள் லிஸ்காவை விற்றோம், பசு இனிமேல் நமக்கெதற்கு, அம்மாவே கயிற்றைப் பிடித்து ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தப் பணத்தில் டிக்கெட் எடுத்தாயிற்று, மார்ச் இருபத்தைந்து சனிக்கிழமை ரயில் ஏறுகிறாள், நாலாம் நாள் உங்களிடம் இறங்குவாள். முதலில் வாங்க மாட்டேன் என்றாள். நான் அவள் சமையலறையில், அந்த மேஜைக்குப் பக்கத்தில், முட்டி போட்டேன். இதை எழுத வெட்கமாக இல்லை. அவள் என்னை எழுப்பக்கூட இல்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வாங்கிக்கறேன். ஆனா சங்கம் கொடுத்த பணம்னுதான் என் பிள்ளைகிட்ட சொல்லுவேன். நீங்களும் அப்படியே எழுதணும். அவனுக்கு அப்பன் போயிட்டான், இனிமே அப்பான்னு கூப்பிட ஒங்களை விட்டா யாரு இருக்கா? அதையும் நீங்களே கெடுத்துக்காதீங்க" என்றாள். மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை, நான் கேட்கவில்லை. எனக்காகச் சொல்லவில்லை, மகனுக்காகச் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த உறையில் அவள் சொல்லி நான் எழுதிய கடிதமும் இருக்கிறது, அடியில் அவள் போட்ட சிலுவைக் குறி இருக்கும். சங்கம் பணம் கொடுத்துவிட்டது, அதில் டிக்கெட் எடுத்தோம் என்று அதில் எழுதியிருக்கும். அது பொய், இது உண்மை, இரண்டும் என் கையெழுத்துதான். அவளுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறுகிறேன் என்று தெரிந்தேதான் மீறுகிறேன். அவள் இறங்கியதும் சிரில் முதலில் கேட்கப் போவது அப்பாவை எப்படிக் கொண்டுபோனார்கள் என்பதைத்தான். பேண்டு வாசித்தது என்று சொல்லுவதற்குத் தயாராக அவள் நாலு நாள் ரயிலில் உட்கார்ந்து வருவாள். புருஷனைக் கொடியில்லாமல் புதைத்தவள், என்னைக் காப்பாற்றுவதற்காக மகன் முகத்தைப் பார்த்துக் கொடியைப் பற்றிப் பேசக் கூடாது. அவள் வந்து சேர்வதற்குள் இதைச் சிரிலுக்கு முழுதாகப் படித்துக் காட்டு, என் மேல் உள்ள பாசத்தில் எந்த இடத்தையும் மெதுவாக்கிப் படிக்காதே. ஸ்டேஷனில் அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்று அவனிடம் சொல்.

கால் வீக்கம் திரும்ப வந்தால் வெட்கப்படாமல் அந்த டாக்டரிடம் போ, இது நோன்புக் காலம் என்று பட்டினி கிடக்காதே, பிள்ளை சுமக்கிறவளுக்கு நோன்பு இல்லை என்று பாதிரியாரே சொன்னார். லுட்மிலாவை அடுப்புக்குப் பக்கத்து அறையில் படுக்க வை, இங்கே அவளுக்குக் குளிர் எலும்பில் ஏறியிருக்கிறது. ஆண்டவர் உன்னையும் உன் வயிற்றையும் காக்கட்டும், மே மாதம் மாதாவின் மாதம், நல்லபடியாகப் பெற்றெடுப்பாய், உங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் பயந்து எழுதாத வாழ்வு உங்களுக்குக் கிடைக்கட்டும். சிரில் என் பெயரை எடுக்காவிட்டால் அவனைத் திட்டாதே, சமாதானம் செய்து வைக்கவும் பார்க்காதே, அவன் நியாயம் அவனுக்கு. ஒன்றை மட்டும் மறக்காதே, பிள்ளை பிறந்ததும் கடிதத்தை அம்மா பெயருக்குப் போடு. எனக்குப் படித்துக் காட்டுவதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
இம்ரிக் ஹோர்ன்யாக்